கிரீஸை ஆண்ட பவேரிய மன்னர்

ஒரு தேசத்தை நேசிப்பது வேறு. அத்தேசத்து ஜனங்களின் சித்தத்துக்குக் கட்டுப்பட்டு நடப்பது வேறு. முன்னதை மனமாரச் செய்து, பின்னதைச் செய்ய மனமின்றி, அதனாலேயே சிம்மாசனத்தை இழந்த ஒருவரின் வரலாற்றை இன்று நம் வாசகர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம். நவீன கிரீஸின் முதல் அரசராகிய ஒட்டோவே அவர்.

அவரைப் பற்றி இப்பொழுது எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2024-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் கிரீஸின் பழைய ராஜ குடும்பத்தார், முப்பது வருஷ காலம் இழந்திருந்த கிரேக்கப் பிரஜா உரிமையைத் திரும்பப் பெற்றார்கள். குடியரசை அங்கீகரிப்பதாக ஒப்புக்கொண்டு, தங்களுக்கென ஒரு குடும்பப் பெயரையும் ஏற்றுக்கொண்ட பிறகே அவ்வுரிமை அவர்களுக்குக் கிட்டியது. அவர்கள் தேர்ந்துகொண்ட பெயர் தெ கிரேஸ் என்பதாகும். கிரீஸைச் சேர்ந்தவர் என்பது அதன் பொருள். ஆனால் அச்சொல் கிரேக்கச் சொல்லன்று, பிரெஞ்சுச் சொல். அப்பெயர் பழைய ராஜ பட்டத்தின் வாடை வீசுவதாகக் கூறி, அந்நாட்டு இடதுசாரிக் கட்சியினர் ஆட்சேபம் கிளப்பினர். சற்றேறக்குறைய ஒரு நூற்றாண்டு காலம் ஒரு நாட்டை ஆண்ட குடும்பத்தார், அந்நாட்டார்தாமா என்று இன்றளவும் ஐயுறப்படுவது விந்தையாகத் தோன்றலாம். இக்குடும்பத்தார் ஒட்டோவின் சந்ததியார் அல்லர். அவருக்குப்பின் வந்த டேனிஷ் வம்சத்தார். ஆயினும் இந்த ஐயத்தின் வேர், ஒட்டோ கிரீஸில் கால் வைத்த நாளிலேயே ஊன்றிவிட்டது.

முடி கிடைத்த விதம்

ஒட்டோ 1815-ஆம் வருஷம் ஜூன் 1-ந் தேதி ஸால்ஸ்பர்க் நகரில் பிறந்தார். இன்று ஆஸ்திரியாவைச் சேர்ந்த அந்நகரம் அப்பொழுது பவேரியாவின் வசம் இருந்தது. பவேரியா தென் ஜெர்மனியில் ஒரு தனி ராஜ்யம். ஒட்டோவின் தந்தை லூட்விக் 1825-இல் அதன் அரசரானார். ஒட்டோ இரண்டாவது புதல்வராதலால் தந்தையின் முடிக்கு உரியவர் அல்லர். லூட்விக்குக்குப் பண்டைய கிரீஸின் கலைகளில் அளவிறந்த மோகம். மூனிச் நகரில் கிரேக்க பாணியில் பெருங்கட்டிடங்கள் எழுப்பினார். கிரேக்க விடுதலைப் போருக்குப் பொருளுதவி செய்தார். அப்போரைக் குறித்துக் கவிதையும் புனைந்தார். மகனுக்குக் கிரேக்க முடி கிடைத்தமைக்கு இப்பற்றும் ஒரு காரணமாயிற்று.

பல நூற்றாண்டுகள் துருக்கி சுல்தானின் ஆட்சியில் இருந்த கிரேக்கர்கள் 1821-இல் ஆயுதந் தாங்கி எழுந்தார்கள். மலைநாட்டு வீரரும் தீவுகளின் மாலுமிகளும் குருமாரும் வணிகரும் ஒருங்கு சேர்ந்து நடத்திய அப்போராட்டத்தில் சிந்திய இரத்தத்துக்கு அளவில்லை. ஆனால் போரின் முடிவு அவர்கள் கையில் மட்டும் இருக்கவில்லை. 1827 அக்டோபர் 20-ந் தேதி நவரினோ துறைமுகத்தில் பிரிட்டன், பிரான்ஸ், ருஷ்யா ஆகிய மூன்று வல்லரசுகளின் கப்பற்படைகள், துருக்கி எகிப்து நாடுகளின் கப்பற்படையை நிர்மூலமாக்கின. அன்று முதல் கிரீஸின் விதியை நிர்ணயிக்கும் உரிமை தங்களுக்கே உண்டென்று அம்மூன்று வல்லரசுகளும் கருதத் தொடங்கின. தோள் கொடுத்தவன் தலைமேல் ஏறி அமர்ந்த கதைதான்.

கிரேக்கர்கள் தாங்களே ஒரு தலைவரைத் தேர்ந்தெடுக்கவில்லையா என்று வாசகர்கள் கேட்கலாம். தேர்ந்தெடுத்தார்கள். கோர்பு தீவில் பிறந்து, ருஷ்யப் பேரரசில் வெளிநாட்டு மந்திரியாக இருந்து புகழ் பெற்ற கபோடிஸ்ட்ரியாஸ் என்பவரை 1827-இல் அவர்களுடைய தேசிய சபை ஆட்சித் தலைவராக்கிற்று. அவர் இரவு பகல் பாராது உழைத்தார். ஆனால் உள்ளூர்ப் பிரபுக்களின் அதிகாரத்தை ஒடுக்க முற்பட்டதால் பலருடைய பகைமையைத் தேடிக்கொண்டார். 1831 அக்டோபர் 9-ந் தேதி, நாப்பிலியோன் நகரில் கோவில் வாயிலில், மாவ்ரோமிகாலிஸ் குடும்பத்தார் இருவர் அவரைக் கொன்றனர். உள்நாட்டுக் கலகம் மூண்டது. விடுதலைப் போர் வீரர்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டு மடிந்தனர். அந்நியர் முடி உள்ளே நுழையும் வழியைக் கிரேக்கரின் ஒற்றுமைக் குறைவே திறந்துவிட்டது என்பதை நாம் மறைப்பதற்கில்லை.

கிரீஸுக்கு அரசர் ஒருவரை ஐரோப்பிய ராஜ வம்சங்களில் தேடுவதென்று மூன்று வல்லரசுகளும் முன்னரே முடிவு செய்திருந்தன. ஒன்றையொன்று நம்பாமையால், தங்கள் சொந்த வம்சத்தவர் எவரும் அம்முடியை ஏற்கலாகாதென்றும் அவை ஒப்பந்தம் செய்துகொண்டன. ஸாக்ஸ்-கோபர்க் வம்சத்து லியோபோல்ட் என்னும் இளவரசர் 1830-இல் முதலில் சம்மதித்துப் பின்னர் மறுத்துவிட்டார்; அவரே பிற்பாடு பெல்ஜியத்தின் அரசரானவர். கடைசியில் தேர்வு ஒட்டோவின்மீது விழுந்தது. 1832 மே 7-ந் தேதி லண்டனில் ஒரு உடன்படிக்கை கையொப்பமாயிற்று. கையொப்பமிட்டவை பிரிட்டன், பிரான்ஸ், ருஷ்யா, பவேரியா ஆகிய நான்கு நாடுகள். கிரீஸுக்காகக் கையொப்பமிட்டவர் ஒருவருமில்லை. சில மாதங்களுக்குப்பின் கிரேக்கரின் தேசிய சபை கூடி இத்தேர்வை ஏகமனதாக ஆமோதித்தது மெய். ஆனால் பந்தி விரித்து முடிந்தபின் விருந்தினரை அழைத்த மாதிரியே அது இருந்தது. அப்பொழுது ஒட்டோவுக்கு வயது பதினேழு நிரம்பவில்லை.

பவேரியர் ஆட்சி

1833 பிப்ரவரி 6-ந் தேதி, மடகாஸ்கர் என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பலிலிருந்து ஒட்டோ நாப்பிலியோனில் கரையிறங்கினார். ஜனங்கள் பெருந்திரளாகக் கூடி வரவேற்றார்கள். கலகத்தால் நொந்திருந்த அவர்கள், இனியேனும் அமைதி பிறக்குமென்று உளமார நம்பினார்கள். ஆனால் மன்னர் தனியே வரவில்லை. 3,500 பவேரியப் படையினர் உடன் வந்தனர். மன்னர் வயது வராதவராதலால் ராஜப் பிரதிநிதி சபை ஒன்றும் வந்தது. அதில் இருந்த ஆர்மன்ஸ்பெர்க், மௌரர், ஹைடெக் ஆகிய மூவரும் பவேரியர். ஒரு கிரேக்கரும் அதில் இடம்பெறவில்லை.

அவர்கள் திறமையற்றவர்கள் என்று நாம் சொல்ல மாட்டோம். மௌரர் சிறந்த சட்ட நிபுணர். நீதி ஸ்தலங்களையும் சட்டத் தொகுப்புகளையும் அவர் குறுகிய காலத்தில் அமைத்துக் கொடுத்தார். ஆனால் அந்நாட்டின் மனத்தை அறிய அவர்கள் முயலவில்லை. விடுதலைப் போரில் ஈடுபட்ட வீரர்களின் படைகளைக் கலைத்துவிட்டு, அவர்களிருந்த இடத்தில் ஜெர்மன் சிப்பாய்களை நிறுத்தினார்கள். பத்து வருஷ காலம் நாட்டுக்காகப் போரிட்டவன் கஞ்சிக்கு வழியின்றி அலைந்தான். நேற்று வந்த பவேரியச் சிப்பாய்க்கோ மாதந்தோறும் சம்பளம் கிடைத்தது. பலர் மலைகளில் கொள்ளைக்காரராயினர். சிலர் தாங்கள் எதிர்த்துப் போராடிய துருக்கியின் எல்லைக்கே திரும்பிச் சென்றனர்.

மத விஷயத்திலும் மனம் புண்பட்டது. கிரேக்கர்கள் ஆர்தடாக்ஸ் என்னும் கீழைக் கிறிஸ்தவ சபையினர். துருக்கர் காலத்தில் அவர்களுடைய பாஷையையும் தேசிய உணர்ச்சியையும் காத்து நின்றவற்றுள் அச்சபை முதன்மையானது. 1833-இல் ராஜப் பிரதிநிதிகள் கிரேக்க சபையைக் கான்ஸ்டாண்டிநோபிள் தலைமைக் குருவின் அதிகாரத்தினின்றும் பிரித்து, மன்னரின் கீழ்க் கொணர்ந்தார்கள். ஆறு பேருக்குக் குறைவான துறவிகள் உள்ள மடங்களை மூடினார்கள். இவ்விதம் சுமார் 400 மடங்கள் மறைந்தன. மன்னரோ கத்தோலிக்கர். வேறு சபையைச் சேர்ந்த ஒரு வாலிபர் தங்கள் சபைக்குத் தலைவராவதைப் பாமர ஜனங்கள் எவ்விதம் சகிப்பார்கள்?

எல்லாவற்றிலும் பெரிய பிழை கொலோகொட்ரோனிஸ் விசாரணையாகும். விடுதலைப் போரின் மாபெருந் தளபதி அவர். ராஜப் பிரதிநிதிகளுக்கு எதிராகச் சதி செய்தாரென்று அவரைப் பிடித்து 1834-இல் ராஜத்துரோகக் குற்றஞ்சாட்டி மரண தண்டனை விதித்தார்கள். நீதிபதிகள் ஐவரில் பொலிஸோயிடிஸ், டெர்ட்ஸெட்டிஸ் ஆகிய இருவர் தீர்ப்பில் கையொப்பமிட மறுத்தனர். ஆயுதந் தாங்கிய காவலர் அவர்களைப் பலவந்தமாக நீதிமன்றத்துக்கு இழுத்து வந்தும் அவர்கள் இணங்கவில்லை. மரண தண்டனை சிறைத் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. 1835-இல் வயது வந்து பொறுப்பேற்ற ஒட்டோ அத்தளபதியை விடுதலை செய்தார். மன்னரின் நல்ல மனத்துக்கு இது சான்று. ஆயினும் நாட்டை விடுவித்தவனை நாட்டுக்குத் துரோகியென்று அந்நியர் கூறிய அந்நாளைக் கிரேக்கர் மறக்கவில்லை. துருக்கர் ஆட்சிக்குத் தாங்கள் வைத்திருந்த பெயரைப் போலவே பவேரியர் ஆட்சிக்கும் ஒரு பெயரைக் கிரேக்க பாஷையில் அவர்கள் வார்த்துக்கொண்டார்கள். அப்பெயர் இன்றும் அவர்களுடைய சரித்திர நூல்களில் வழங்குகிறது.

மன்னரின் அன்பு

நிற்க. ஒட்டோவின் சொந்த நடத்தையைப் பற்றிச் சொல்லுமிடத்து நாம் நியாயம் வழுவலாகாது. அவர் கிரேக்க பாஷையைக் கற்றார். குஞ்சம் தொங்கும் தொப்பியும், மடிப்பு மடிப்பான வெண்ணிறக் குட்டை அங்கியுமாகிய மலைநாட்டு வீரரின் உடையை விரும்பி அணிந்தார். 1836-இல் அவர் மணந்த ஓல்டன்பர்க் இளவரசி அமாலியாவும் கிரேக்கப் பெண்டிரின் உடைக்கு ஒரு புது அழகு கொடுத்து அரண்மனையில் அதையே உடுத்தினார். 1834-இல் தலைநகர் நாப்பிலியோனிலிருந்து ஏதென்ஸுக்கு மாறிற்று. அப்பொழுது ஏதென்ஸ் சில ஆயிரம் ஜனங்களே வசித்த, போரில் இடிந்து கிடந்த சிற்றூர். அதை ஒரு நகரமாக்கியது ஒட்டோவின் காலமே. 1837-இல் சர்வகலாசாலை தோன்றிற்று. 1841-இல் தேசிய பாங்கி ஏற்பட்டது. அரசாங்கக் காகிதங்கள் ஒவ்வொன்றையும் தாமே படித்து முடிவு செய்ய வேண்டுமென்று நள்ளிரவு வரை விழித்திருப்பாராம். ஆனால் முடிவுதான் எளிதில் வராது.

இத்தனை அன்பும் ஏன் பயன்படவில்லை? ஒட்டோ தம் பிரஜைகளை நேசித்தார், நம்பவில்லை. வயது வந்த பின்னரும் அரசியலமைப்புச் சட்டம் எதுவும் கொடுக்கவில்லை. பிரதிநிதி சபை கூட்டவில்லை. 1837 வரையில் தலைமை அதிகாரம் பவேரியர் கையிலேயே இருந்தது. பின்னர் மந்திரி சபைக்கு மன்னரே தலைமை வகித்தார். குழந்தைக்கு எது நல்லதென்று தாமே அறிவதாக நினைக்கும் தகப்பனைப் போல அவர் ஆண்டார். விடுதலைப் போரின் நடுவிலேயே தேசிய சபைகள் கூட்டி அரசியல் சட்டங்களை வகுத்திருந்த ஒரு ஜனசமூகம், தன்னைக் குழந்தையாக நடத்துவதை எவ்வளவு காலம் பொறுக்கும்?

அரசியல் கட்சிகளின் நிலையும் வேடிக்கையானது. அக்காலத்துக் கிரீஸில் மூன்று கட்சிகள் இருந்தன. அவற்றின் பெயர்கள் இங்கிலீஷ் கட்சி, பிரெஞ்சுக் கட்சி, ருஷ்யக் கட்சி! மன்னர் ஒருவர் மட்டுமே அந்நியம் என்று எண்ணுவது பிழை. சுதேச அரசியல்வாதிகளும் அந்நிய ஸ்தானீகர்களின் வாயிலில் காத்துக் கிடந்தனர்.

செப்டம்பர் மூன்றாந் தேதி

முடியுடன் கூடவே 6 கோடி பிராங்கு கடனும் கிரீஸுக்கு வந்திருந்தது. மூன்று வல்லரசுகளும் அதற்கு ஜாமீன் நின்றன. துருக்கிக்குக் கொடுக்க வேண்டிய நஷ்ட ஈட்டிலும் பவேரியப் படையின் செலவிலும் கடனின் பெரும்பகுதி கரைந்தது. உழவனுக்கு அதனால் விளைந்த நன்மை சொற்பம். 1843-இல் வட்டி கட்ட இயலாமற்போகவே, வல்லரசுகள் லண்டனில் கூடிக் கடுஞ் சிக்கனத்தை விதித்தன. உத்தியோகஸ்தர்கள் வேலையிழந்தனர், படைச் செலவு குறைந்தது, எங்கும் அதிருப்தி மூண்டது.

அவ்வருஷம் செப்டம்பர் 3-ந் தேதி, புதிய பஞ்சாங்கப்படி 15-ந் தேதி, நள்ளிரவில் குதிரைப்படைத் தலைவர் கலெர்கிஸும், விடுதலைப் போர் வீரர் மக்ரியானிஸும் சேர்ந்து ஜனங்களையும் படையினரையும் அரண்மனை வாயிலில் திரட்டினார்கள். மன்னர் ஜன்னலில் தோன்றினார். அரசியலமைப்புச் சட்டம் வேண்டும் என்பதே ஜனங்களின் ஒரே கோரிக்கை. எவரும் முடியைப் பறிக்க முயலவில்லை. விடிந்த பின்னும் கூட்டம் கலையவில்லை. மன்னர் இணங்கினார். அரசாங்க உத்தியோகங்களில் இருந்த பவேரியர்கள் விலக்கப்பட்டார்கள். தேசிய சபை கூடிற்று. 1844 மார்ச்சில் அரசியலமைப்புச் சட்டம் நிறைவேறிற்று. இனி முடிக்கு வாரிசாக வருபவர் கீழைக் கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவராக இருக்க வேண்டுமென்றும் அதில் எழுதினார்கள். அந்த அரண்மனை முற்றத்துக்கு அன்று முதல் அரசியலமைப்புச் சதுக்கம் என்று பெயர். நூற்றெண்பது வருஷங்களுக்கு மேல் ஆகியும் அப்பெயர் மாறவில்லை.

யார் கிரேக்கர்?

தேச பக்தர்கள் ஊன்றிச் சிந்திக்க வேண்டிய ஒரு சம்பவம் அச்சபையிலேயே நிகழ்ந்தது. புதிய ராஜ்யத்தில் அப்பொழுது சுமார் 8 லட்சம் ஜனங்களே இருந்தனர். அவர்களைவிடப் பன்மடங்கு கிரேக்கர் எல்லைக்கு வெளியே, கிரீட்டிலும் தெஸ்ஸாலியிலும் எபிரஸிலும் மாஸிடோனியாவிலும் ஆசியா மைனரிலும், துருக்கியின் பிரஜைகளாக வாழ்ந்தனர். அவ்விடங்களிலிருந்து பலர் சுதந்திர நாட்டில் வந்து குடியேறினர். கல்வியும் உலக அனுபவமும் உடையவராதலின் உத்தியோகங்கள் பல அவர்கள் கைக்குச் சென்றன. மண்ணில் பிறந்தவர்களுக்கு இது பொறாமையை ஊட்டிற்று. பவேரியரை வெளியேற்றிய உற்சாகம் அடங்கு முன்னரே, வெளியிலிருந்து வந்த கிரேக்கர்களையும் உத்தியோகங்களினின்று விலக்க வேண்டுமென்று சபையில் கூக்குரல் எழுந்தது.

அந்நியனுக்கு எதிராக எழுந்த வாள், சொந்தச் சகோதரனுக்கு எதிராகத் திரும்பிய கதை இது. பிற்காலத்தில் வந்து குடியேறியவர்களைச் சில ஆண்டுகளுக்குப் பொது உத்தியோகங்களினின்று விலக்கும் தீர்மானம் நிறைவேறியும் விட்டது. 1844 ஜனவரியில் இதை எதிர்த்துப் பேசியவர் கொலெட்டிஸ். அவரே எல்லைக்கு வெளியேயுள்ள எபிரஸில் பிறந்தவர். கிரீஸ் ராஜ்யம் கிரீஸ் முழுவதும் ஆகாது, அதன் ஏழ்மையான ஒரு சிறு பகுதியே என்றும், கிரேக்க சரித்திரத்தோடும் இனத்தோடும் தொடர்புள்ள எந்த நிலத்தில் வாழ்பவனும் கிரேக்கனே என்றும் அவர் வாதித்தார். அவ்வாதத்திலிருந்து மகத்தான கருத்து என்று பெயர் பெற்ற கொள்கை பிறந்தது. அஃதாவது, வெளியேயுள்ள கிரேக்கர்களையெல்லாம் ஒரே ராஜ்யத்தில் சேர்க்க வேண்டுமென்னும் கொள்கை. அது அந்நாட்டை எண்பது வருஷ காலம் ஆட்டி வைத்தது. அதனால் விளைந்த வெற்றிகளும் உண்டு. 1922-இல் ஆசியா மைனரில் நேர்ந்த பெருநாசமும் உண்டு. ஒருவன் எங்கே பிறந்தான் என்று கேட்கத் தொடங்கினால், அக்கேள்வி அரண்மனையோடு நிற்பதில்லை; அண்டை வீட்டின் கதவையும் தட்டும் என்பதற்கு இந்த 1844-ஆம் வருஷத்துச் சபை சாட்சி.

வீழ்ச்சி

ஒட்டோ அக்கொள்கையை முழு மனத்தோடு தழுவினார். தாம் கிரேக்கரே என்று காட்டுவதற்கு அதைவிட நல்ல வழி அவருக்குத் தோன்றவில்லை. 1850-இல், கிரீஸில் கொள்ளையுண்ட தம் பிரஜை ஒருவருக்கு நஷ்ட ஈடு வேண்டுமென்று பிரிட்டன் தன் போர்க்கப்பல்களால் பிரேயஸ் துறைமுகத்தை மறித்தது. மன்னர் எளிதில் பணியாமல் நின்றார். அந்நாட்களில் அவருக்கிருந்த செல்வாக்கு அதற்கு முன்னும் பின்னும் இருந்ததில்லை. 1854-இல் கிரிமியா யுத்தம் நடந்துகொண்டிருந்தபொழுது எபிரஸ், தெஸ்ஸாலி கலகங்களை அவர் ஆதரித்தார். துருக்கியின் பக்கம் நின்ற பிரிட்டனும் பிரான்ஸும் தங்கள் படைகளைப் பிரேயஸில் இறக்கி, 1857 வரையில் அத்துறைமுகத்தை விடவில்லை. அப்படைகளோடு வந்த வாந்திபேதி ஏதென்ஸில் அநேகரைக் கொன்றது. முடியைக் கொடுத்தவர்களே வந்து மன்னரின் கழுத்தில் கை வைத்தனர். இரவல் முடியின் இலட்சணம் அப்பொழுது யாவருக்கும் விளங்கிற்று.

இதன் பின்னராவது ஜனங்களைத் துணைக்கொண்டாரா என்றால், இல்லை. அரசியலமைப்புச் சட்டம் ஏட்டில் இருந்தது; தேர்தல்களோ அதிகாரிகள் விருப்பப்படி நடந்தன. மந்திரிகள் மன்னரின் தயவால் வந்தனர், தயவு நீங்கியதும் போயினர். 1859-இல் இத்தாலியர் ஆஸ்திரியாவை எதிர்த்து எழுந்தபொழுது கிரேக்க வாலிபர்களின் நெஞ்சம் இத்தாலியரின் பக்கம் நின்றது. மன்னரின் அனுதாபமோ ஆஸ்திரியாவின் பக்கம் சாய்ந்தது. பிள்ளைப் பேறும் அவருக்கு இல்லை. சகோதரர்கள் கீழைச் சபையில் சேர முன்வரவில்லை. சர்வகலாசாலையில் பயின்ற புதிய தலைமுறையே, அச்சர்வகலாசாலையை நிறுவிய மன்னரின் முதல் விரோதியாக மாறிற்று. 1861-இல் ஒரு மாணவன் அரசியைச் சுட முயன்றான். 1862 பிப்ரவரியில் நாப்பிலியோன் படை கலகஞ் செய்தது. முப்பது வருஷங்களுக்கு முன் அவரை மலர் தூவி வரவேற்ற அதே ஊர்!

அவ்வருஷம் அக்டோபரில் மன்னரும் அரசியும் தென் பகுதிகளில் சுற்றுப் பயணம் சென்றிருக்கையில், படைகள் ஒவ்வோரிடமாகக் கிளர்ந்தன. 23-ந் தேதி ஏதென்ஸில் முடி பறிக்கப்பட்டதாகப் பிரகடனம் வெளியாயிற்று. தற்காலிக அரசாங்கத்தில் அமர்ந்த மூவருள் ஒருவர், விடுதலைப் போரில் தீக்கப்பல் செலுத்தித் துருக்கியரை நடுங்கவைத்த கனாரிஸ். எதிர்ப்பது வீண் என்று வல்லரசுகளின் ஸ்தானீகர்கள் மன்னருக்கு ஆலோசனை கூறினார்கள். தம்பொருட்டு இரத்தம் சிந்துவதை அவரும் விரும்பவில்லை. பிரிட்டிஷ் போர்க்கப்பலில் வந்தவர் பிரிட்டிஷ் போர்க்கப்பலிலேயே திரும்பினார்.

எஞ்சிய ஐந்து ஆண்டுகளைப் பவேரியாவின் பாம்பெர்க் நகரில் அவர் கழித்தார். அங்கேயும் கிரேக்க உடையை அவர் களையவில்லை. மாலை வேளைகளில் கிரேக்க பாஷையே பேச வேண்டுமென்பது அவர் இல்லத்தின் விதி. 1866-இல் கிரீட் தீவினர் துருக்கியை எதிர்த்து எழுந்தபொழுது தம் கைப்பொருளை இரகசியமாக உதவினாரென்பர். 1867 ஜூலை 26-ந் தேதி, 52-ஆம் வயதில், அவர் காலமானார். மூனிச் நகரிலுள்ள தேயாட்டினர் கோவிலில் அவருடைய உடல் அடக்கமாயிற்று. கிரீஸில் ஜெர்மானியராகவும், ஜெர்மனியில் கிரேக்கராகவும் வாழ்ந்த அவருக்காக நாம் இரங்காமலிருக்க முடியாது.

இரண்டாவது அந்நியர்

அந்நியராயிருந்ததே ஒட்டோவின் குற்றமென்றால், அவருக்குப்பின் கிரேக்கர்கள் தங்களுள் ஒருவரையே அரசராக்கியிருக்க வேண்டும். அவர்கள் அவ்விதம் செய்யவில்லை. 1862-ஆம் வருஷக் கடைசியில் நடந்த பொது வாக்கெடுப்பில், விக்டோரியா ராணியின் இரண்டாவது புதல்வர் ஆல்பிரெடுக்கு 2,30,000-க்கு மேற்பட்ட வாக்குகள் கிடைத்தன. ஒட்டோவுக்குக் கிடைத்தது ஒரே ஒரு வாக்கு. ஆனால் பழைய ஒப்பந்தம் குறுக்கே நின்றதால் ஆல்பிரெட் வர இயலவில்லை. அவ்வாக்கெடுப்பில் 6 வாக்குகளே பெற்றிருந்த டென்மார்க் இளவரசர் வில்லியம், ஜார்ஜ் என்ற பெயருடன் 1863-இல் அரசரானார். அவருக்கும் வயது பதினேழே. அவரும் கீழைச் சபையில் பிறந்தவர் அல்லர். ஆயினும் சுமார் ஐம்பது வருஷ காலம், 1913-இல் தெஸ்ஸலோனிகா நகரில் கொலையுண்ட நாள் வரையில், அவர் அரியணையில் இருந்தார்.

வேற்றுமை எங்கே? ஒட்டோ கிரீஸின் அரசர் என்று பட்டம் பூண்டவர். ஜார்ஜ் கிரேக்கர்களின் அரசர் என்று பட்டம் பூண்டார். நிலத்துக்கு அரசராயிருப்பதற்கும் ஜனங்களுக்கு அரசராயிருப்பதற்கும் உள்ள தூரம் அது. ஜார்ஜ் வந்தவுடன் 1864-இல் புதிய அரசியலமைப்புச் சட்டம் பிறந்தது. ராஜ்யாதிகாரம் ஜனங்களிடமிருந்தே பிறக்கிறதென்று அது ஒப்பிற்று. அவரும் முதலில் தம் இஷ்டப்படி மந்திரிகளை நியமித்தவரே. ஆனால் ட்ரிக்கூபிஸ் என்னும் தலைவர் அம்முறையை வன்மையாகக் கண்டித்து எழுதியபின், 1875-இல், சபையில் பெரும்பான்மை பலம் உள்ளவரையே மந்திரி சபை அமைக்க அழைப்பதென்று உறுதியளித்தார். தம் பிள்ளைகளைக் கீழைச் சபையிலேயே வளர்த்தார். ஒட்டோ அணிந்ததைப்போல் நாட்டுடை அணிந்து காட்டும் அவசியம் அவருக்கு நேரவில்லை.

அவருடைய சந்ததியார் இப்பாடத்தை மறந்தபோதெல்லாம் பழைய கேள்வி மீண்டும் எழுந்தது. 1924-இல் முடியாட்சி நீங்கிற்று; 1935-இல் திரும்பிற்று. 1967-இல் ராணுவத்தார் ஆட்சியைக் கைப்பற்றினர். அவ்வருஷக் கடைசியில் கான்ஸ்டன்டைன் அரசர் நாட்டைவிட்டு வெளியேறினார். ராணுவ ஆட்சி வீழ்ந்தபின் 1974 டிசம்பர் 8-ந் தேதி நடந்த வாக்கெடுப்பில் நூற்றுக்கு 69 பேர் குடியரசே வேண்டுமென்றனர். 1994-இல் ஒரு சட்டம் அக்குடும்பத்தின் பிரஜா உரிமையைப் பறித்தது. குடும்பப் பெயர் ஏற்றால் திரும்பத் தருவதாக நிபந்தனை. தம் குடும்பத்துக்குக் குடும்பப் பெயரே இல்லையென்று கான்ஸ்டன்டைன் வாதாடினார். 2023 ஜனவரியில் அவர் மறைந்த பிறகே மக்கள் அந்நிபந்தனைக்கு இணங்கினர். ஒரு சாதாரணப் பிரஜையைப்போல் பெயரெழுதிக் கையொப்பமிட்ட அன்றுதான் அவர்கள் சட்டத்தின் கண்ணில் கிரேக்கராயினர்.

ஒட்டோவின் வரலாறு நமக்குப் புகட்டுவது இதுவே. பிறந்த ஊர் ஒருவனை அந்நியனாக்கிவிடுவதில்லை. அணிந்த உடை ஒருவனைச் சுதேசியாக்கிவிடுவதும் இல்லை. யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவன் என்பதே கேள்வி. லண்டனுக்குப் பதில் சொல்லும் அரசன், எத்தனை அன்புடையவனாயினும், ஏதென்ஸுக்கு அந்நியனே. தன் ஜனங்களுக்குப் பதில் சொல்லாத சுதேசியும் அவ்வண்ணமே. ஏதென்ஸில் ஒட்டோ கட்டிய அரண்மனை இன்றும் நிற்கிறது. அதில் எந்த அரசரும் வசிக்கவில்லை. கிரேக்க ஜனங்களின் பிரதிநிதிகள் கூடும் பார்லிமெண்டு மன்றம் அதுவே. 1843-இல் எந்த ஜன்னலின் கீழே நின்று ஜனங்கள் தங்கள் உரிமையைக் கேட்டார்களோ, அந்த ஜன்னலுக்கு உள்ளே இன்று அவர்கள் பிரதிநிதிகளே அமர்ந்திருக்கிறார்கள்.